பிறப்பிடம்: கடல்

தீர்ப்பைப் படித்து முடித்ததும் நான் செய்த முதல் காரியம் எழுந்து போய்ப் பல் தேய்த்தது. மணி பதினொன்றரை. காலையில் தேய்த்த பல்தான். ஆனாலும் கெட்டுப்போன எதையோ மென்றுவிட்டது போல வாயெல்லாம் ஒரு மாதிரியாக இருந்தது. ஐம்பத்திரண்டு பக்கத் தீர்ப்பு அது. முப்பத்தோராம் பக்கத்தில் என் பெயர் இருந்தது. 'சட்ட விமர்சகர் கோமளவல்லி மிகச் சரியாகச் சுட்டிக்காட்டியுள்ளபடி' என்று ஆரம்பித்து, நான் எப்போதோ எழுதிய ஒரு வாக்கியத்தை அப்படியே தூக்கிப் போட்டிருந்தார்கள். பத்தொன்பது வருடமாக எழுதுகிறேன், தலைமை நீதிமன்றம் என்னை மேற்கோள் காட்டியது அதுதான் முதல் தடவை. மூன்று முறை கொப்பளித்தும் போகவில்லை.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். நாளிதழ் ஒன்றில் 'வாரத் தீர்ப்பு' என்று ஒரு பத்தி எழுதுகிறேன். வக்கீலாக இருந்துகொண்டேதான் எழுத ஆரம்பித்தேன். ஐந்து வருடம் முன்பு முழங்கால் மக்கர் பண்ண, கறுப்பு அங்கியை மடித்து பீரோவில் வைத்துவிட்டு எழுத்து மட்டும் போதும் என்று உட்கார்ந்துவிட்டேன். குடியேற்ற வழக்குகள்தான் எனக்குப் பிடித்த விஷயம். யார் உள்ளே இருக்கலாம், யார் வெளியே போக வேண்டும் என்று நீதிபதிகள் சொல்வதை எடுத்து, சாதாரண ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி எழுதுவேன். தலைமை நீதிமன்றத்தின் தென்மண்டல அமர்வு தமிழில் நடக்க ஆரம்பித்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. அதற்கு முன்பெல்லாம் அநியாயத்தை மொழிபெயர்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இப்போது நேரடியாகவே புரிந்துவிடுகிறது.

மூன்று வருடம் முன்னால், 2061இல், பிறப்பிடத் தெளிவுச் சட்டம் வந்தது. விஷயம் எளிமையானது. ஒரு குழந்தை எட்டு வயதுவரை குடிக்கிற தண்ணீரும் தின்கிற சாப்பாடும் அதன் பல்லில் போய்ப் பதிந்துவிடுகிறது. எந்த ஊர் மண்ணில் ஊறிய தண்ணீர் என்பது பல்லின் எனாமலில் சாகும்வரை அழியாமல் இருக்கும். கடுகளவு சுரண்டி எடுத்து இயந்திரத்தில் போட்டால் அது ஊர்ப் பெயரையே சொல்லிவிடும். எட்டு வயதுவரை இந்த மண்ணில் வளர்ந்தவர்கள் எல்லோருக்கும் குடியுரிமை உண்டு, காகிதம் எதுவும் கேட்க மாட்டோம், பல்லைக் காட்டினால் போதும் என்றது சட்டம்.

நான் குதித்தேன். குதிக்காமல் என்ன செய்வேன்? முகாமில் பிறந்து முகாமிலேயே நரைத்துப்போனவர்களை, ஒரு சான்றிதழ் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கோர்ட்டு வாசலிலிருந்து திருப்பி அனுப்பியதை இரண்டு கண்ணாலும் பார்த்தவள் நான். அந்த வாரம் எழுதினேன்: 'காகிதம் எரியும், நனையும், கரையானுக்கு இரையாகும். பல் பொய் சொல்லாது. பல்லுக்கு மேல் இன்னொரு சாட்சி தேவையில்லை.' எழுதி முடித்துவிட்டு, பரவாயில்லையே கோமளம் என்று என்னையே மெச்சிக்கொண்டேன். அந்தக் கடைசி வாக்கியம்தான் முப்பத்தோராம் பக்கத்தில் இருப்பது.

போன வருடம் ஆவணி மாதத்தில் நிரோஜினி என் வீட்டுக்கு வந்தாள். இருபத்து நான்கு வயது. ஆலங்கரை முகாமில் பிறந்தவள், அவள் அம்மாதான் கடல் தாண்டி வந்தவர். தற்காலிக அனுமதிச் சீட்டு ஒன்றை வைத்துக்கொண்டு தனியார் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவில் வேலை பார்த்தாள். அவள் பேச்சில் அம்மாவின் ஊர்த் தமிழும் நம்மூர்த் தமிழும் கலந்து கிடந்தன. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பையிலிருந்து என் பத்தியை எடுத்து நீட்டினாள். வெட்டி, லேமினேஷன் போட்டிருந்தது.

"இது நீங்க எழுதினதுதானே மேடம்?"

"ஆமாம்மா."

"இதை எங்கட முகாம் ரேஷன் கடை வாசல்ல ஒட்டி வச்சிருந்தாங்க. நாங்க முதல்ல பயந்தம். பிறகு உங்க பேரைப் பாத்துட்டு, அவங்க நமக்காகப் பேசுறவங்க, அவங்களே சொல்றாங்க எண்டு முகாம்ல பிறந்த இளசுகள் நானூத்திப் பன்னெண்டு பேர் பல்லைக் குடுத்தம்."

பிறகு இன்னொரு காகிதத்தை நீட்டினாள். பரிசோதனைக் கூடத்தின் முத்திரை, அவள் பெயர், வயது, மாதிரி எண். அதற்குக் கீழே ஒரே வரி. 'பிறப்பிடம்: கடல்.'

நான் சிரித்துவிட்டேன். வாய்விட்டே சிரித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

"அச்சுப் பிழையா இருக்கும்மா" என்றேன்.

"நானூத்திப் பன்னெண்டு பேருக்கும் அதேதான் மேடம் வந்திருக்கு."

அதற்குப் பின்னால் ஒரு நோட்டீஸ் இருந்தது. இந்த மண்ணில் வளரவில்லை என்று பல்லால் நிரூபிக்கப்பட்டவர்கள் அறுபது நாளில் தம் பிறப்பிடத்துக்குத் திரும்ப வேண்டும் என்றது. சோதனைக்குப் போகும்வரை அவர்கள் மேல் எந்த உத்தரவும் கிடையாது. யார் என்று நிரூபிக்கப்படாதவர்களாக, யாரும் தொடாமல், பிறந்ததிலிருந்தே முகாமில் கிடந்தார்கள். என்னை நம்பி வரிசையில் போய் நின்று, தாங்களாகவே வாயைத் திறந்து காட்டியிருக்கிறார்கள்.

"பிறப்பிடத்துக்குன்னா எங்க?" என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது.

"கடலுக்குத்தான். அந்தப் பக்கம் இருக்கிறவங்களும் எங்களை எடுக்க மாட்டாங்களாம். அவங்க நாட்டுப் பல்லு இல்லையாம். மிதவையில கொண்டுபோய் விடுவாங்க எண்டு சொன்னாங்க."

கரையிலிருந்து பன்னிரண்டு கடல் மைலுக்கு அப்பால் அந்த மிதவை நிற்கிறது. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத தண்ணீர். பழைய எண்ணெய்க் கப்பல்கள் நான்கை ஒன்றாகப் பிணைத்து, மேலே இரும்புத் தகடு அடித்து, இரண்டாயிரம் பேரை அடைக்கலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். போனவர்கள் திரும்பி வர ஏற்பாடு எதுவும் இல்லை. அதுவரை ஒன்பது பேர்தான் அங்கே இருந்தார்கள்.

மறுநாளே டாக்டர் சாத்தப்பனைப் போய்ப் பார்த்தேன். அந்த இயந்திரத்தை இங்கே கொண்டுவந்து வைத்தவர் அவர். சட்டம் அதைக் கையில் எடுத்ததும் வேலையை விட்டுவிட்டு, இப்போது தனியாக ஒரு சின்னக் கூடம் வைத்திருக்கிறார். கல்லூரி நாளிலிருந்து பழக்கம். காகிதத்தைப் பார்த்ததும் அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அந்த மனிதரை எனக்குப் பிடிக்கும்.

"இவங்க குடிச்ச தண்ணி எங்கேர்ந்து வந்துது?" என்று கேட்டார்.

"முகாம்ல கடல்நீரைக் குடிநீராக்குற ஆலை ஒண்ணு இருக்காம். இருபத்து மூணு வருஷமா அந்தத் தண்ணிதானாம்."

"அவ்வளவுதான் விஷயம். கடல் தண்ணிய வடிகட்டினா அதுல ஒண்ணுமே இருக்காது, சப்புன்னு இருக்கும். அதனால சிப்பிச் சுண்ணாம்பு கொஞ்சம் கலப்பாங்க. சிப்பியும் கடல்லேர்ந்து வந்ததுதானே? போதாததுக்கு மூணு வேளையும் மீன். பல்லுல ஸ்ட்ரான்ஷியம்னு ஒரு பொருள் இருக்கு கோமளம், அதை வச்சுத்தான் ஊரைக் கண்டுபிடிக்கிறோம். மண்ணுக்கு மண் அதோட கணக்கு மாறும். ஆனா கடல்ல மாறாது. உலகத்துல எந்தக் கடல்ல அள்ளினாலும் ஒரே கணக்குதான்."

"அப்போ இயந்திரம் தப்பா சொல்லிடுச்சு."

"இல்லம்மா. எந்தத் தண்ணின்னு கேட்டாங்க, அது சொல்லிடுச்சு. யார் குடுத்த தண்ணின்னு யாரும் கேக்கலையே."

யார் கொடுத்தது என்று நானே போய்த் தோண்டினேன். முகாம் போட்ட காலத்தில் பெண்கள் ஆலங்கரை ஊர்க் கிணற்றில்தான் தண்ணீர் எடுத்திருக்கிறார்கள். பிறகு ஊர்க்காரர்கள் கூடி, அகதிகள் எங்கள் கிணற்றில் வாளி போடக்கூடாது என்று வழி மறித்துவிட்டார்கள். கைகலப்பு நடந்து, போலீஸ் வந்தது. அரசாங்கம் நியாயம் பேசுவதற்குப் பதிலாக முகாமுக்கென்று தனி ஆலை கட்டிக் கொடுத்து, மந்திரி வந்து ரிப்பன் வெட்டினார். கல்வெட்டு இன்னும் இருக்கிறது, 'அகதி மக்களின் தாகம் தீர்த்த' என்று ஆரம்பிக்கிறது. அன்றைக்கு நிரோஜினிக்கு ஒரு வயதும் ஒரு மாதமும்.

ஆக, நம் மண்ணின் தண்ணீரை நாம் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. கொடுக்காமல் விட்டதை இப்போது அவர்கள் வாயிலிருந்தே சுரண்டி எடுத்து, பார், இவர்கள் நம் தண்ணீரைக் குடிக்கவே இல்லை, ஆகவே இங்கே வளரவே இல்லை என்கிறோம். பீரோவைத் திறந்து அங்கியை எடுத்தேன். பாச்சை உருண்டை நாற்றம் அடித்தது. முழங்காலுக்குப் பட்டை கட்டிக்கொண்டு நிரோஜினிக்காக நானே ஆஜரானேன். நானூற்றுப் பன்னிரண்டு வழக்கில் அவள் வழக்கு முதலாவது. அவளுக்கு என்ன சொல்கிறார்களோ அதுதான் மற்றவர்களுக்கும்.

மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு. தலைமை நீதிபதி எப்போதும் இனிமையாகப் பேசுகிறவர். அவர் குரல் எவ்வளவுக்கெவ்வளவு இனிக்கிறதோ அவ்வளவுக்கவ்வளவு எனக்குப் பயமாக இருக்கும். நிரோஜினியின் பள்ளிக்கூடப் பதிவேடு, தடுப்பூசி அட்டை, ஞானஸ்நானச் சான்றிதழ் எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து அவளுக்குப் பாடம் எடுத்த டீச்சரே பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"இதெல்லாம் காகிதம் ஆச்சே மேடம்" என்றார் தலைமை நீதிபதி. "காகிதம் வேண்டாம்னுதானே சட்டம் வந்தது? நீங்களே அழகா எழுதியிருந்தீங்களே, பல்லுக்கு மேல் இன்னொரு சாட்சி தேவையில்லைன்னு. நான் வீட்ல கூட வாசிச்சுக் காட்டினேன்."

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது.

"கனம் நீதிபதி அவர்களே, நான் எழுதியது தப்பு" என்றேன்.

"தப்புன்னா எப்படி? அப்போ சரியா இருந்தது, இப்போ உங்க கட்சிக்காரருக்குப் பாதகமா வந்ததும் தப்பாயிடுமா? அறிவியல் ஒருத்தருக்காக வளைஞ்சு குடுக்காது மேடம்."

"தண்ணீரை மறுத்தது நாம். அதற்கு இந்தப் பெண் எப்படிப் பொறுப்பாவாள்?"

"அது ஊராட்சி விவகாரம். அதுக்குத் தனியா மனு போடுங்க, கேக்கிறோம்." பக்கத்தில் இருந்த இரண்டு பேரும் தலையாட்டினார்கள். "நாங்க கதவை மூடல. வேற பல் ஆதாரம் ஏதாவது இருந்தா கொண்டு வாங்க. ஆறு வாரம் தர்றோம்."

வேறு பல்லுக்கு எங்கே போவது? வாயில் இருக்கிற இருபத்தெட்டும் அதே தண்ணீரில் வளர்ந்தவை. வெளியே வந்ததும் சாத்தப்பனுக்குப் போன் போட்டு, தீர்ப்பு எழுதுகிறவர்களை ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பால்பல் இருக்கா?" என்றார்.

"என்னது?"

"விழுந்துட்டு முளைக்கிற பல் இல்ல கோமளம், அதுக்கு முந்தினது. பால்பல் வயித்துக்குள்ளயே உருவாக ஆரம்பிச்சிடும். ஒரு வயசுக்குள்ள எனாமல் முடிஞ்சிடும். ஆலை வந்தப்ப அவளுக்கு ஒரு வயசு தாண்டியாச்சுன்னா, பால்பல்லுல ஊர்க் கிணத்துத் தண்ணிதான் இருக்கும்."

அன்று சாயந்திரமே முகாமுக்குப் போனேன். நிரோஜினியின் அம்மா ஜெசிந்தாவை அதுவரை போனில்தான் தெரியும். குள்ளமான, எலும்பும் தோலுமான மனுஷி. மீன் உப்புக் கண்டம் போடும் ஷெட்டில் வேலை. விஷயத்தைச் சொன்னதும் என்னை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"பால்பல்லை ஆர் மேடம் வச்சிருக்கினம்? கூரையில எறிஞ்சாச்சே."

"எந்தக் கூரையில?"

"இஞ்ச எங்கட கொட்டில் எல்லாத்துக்கும் பிளாஸ்ரிக் சீற்றுத்தானே. எறிஞ்சா உருண்டு கீழ விழுந்திடும். கீழ விழுந்தா அணில் எடுக்காது, புதுப் பல்லு வராது எண்டு பிள்ளையள் அழுங்கள். அதால மாதா கோயிலுக்குத்தான் கூட்டிக்கொண்டு போவம். அது ஒண்டுதான் ஓட்டுக் கூரை."

முகாமில் பிறந்த அத்தனை குழந்தைகளும் விழுந்த பல்லை அந்த ஒரே கூரையில்தான் எறிந்திருக்கிறார்கள். நாற்பது வருடப் பல். ஞாயிறு பூசை முடிந்ததும் ஆண்கள் ஏணி வைத்து ஏறி ஒவ்வொரு ஓடாகக் கழற்றிக் கீழே கொடுத்தார்கள். ஓட்டுக்கும் மரச்சட்டத்துக்கும் நடுவில் இருந்த மண்ணையும் பறவை எச்சத்தையும் வழித்துச் சாக்கில் போட்டார்கள். பெண்கள் வெயிலில் வரிசையாக உட்கார்ந்து சுளகில் போட்டுப் புடைத்தார்கள். நானும் முழங்காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து பொறுக்கினேன். பல் கிடைக்கும்போதெல்லாம் யாராவது ஒருத்தி, இது என்னுடையதாக இருக்கும், சொத்தை இருக்கிறது பார் என்பாள், எல்லோரும் சிரிப்பார்கள். நிரோஜினி ஒவ்வொன்றையும் வாங்கிப் பஞ்சில் துடைத்து டப்பாவில் போட்டாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். மொத்தம் நூற்றுப் பதினேழு பல் கிடைத்தது.

நிரோஜினியின் எச்சிலை வைத்து ஒப்பிட்டு, சாத்தப்பன் எட்டு நாளில் அவளுடையதைக் கண்டுபிடித்துவிட்டார். கீழ்வரிசை முன்பல், அரிசி நொய் அளவு. சுரண்டி இயந்திரத்தில் போட்டார். 'ஆலங்கரை, தெற்குக் கரை, கிணற்று நீர்' என்று வந்தது. நான் ஜெசிந்தாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டது, பிறகு பத்துப் பதினைந்து பேர் கத்துகிற சத்தம். அந்த வாரப் பத்தியில் நான் அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. ஏற்கெனவே எழுதிக் கெடுத்தது போதும் என்று இருந்தது.

தீர்ப்பு நாள் வந்தது. தலைமை நீதிபதி வாசிக்க ஆரம்பித்தபோது எனக்கு நம்பிக்கை இருந்தது. பால்பல் நம்பத்தகுந்த ஆதாரம்தான் என்றார். அது நிரோஜினியுடையது என்பதில் சந்தேகம் இல்லை என்றார். அதில் இருப்பது இந்த மண்ணின் நீர்தான் என்றார். பின்வரிசையில் ஜெசிந்தா சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். பிறகு தலைமை நீதிபதி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அடுத்த பத்தியை வாசித்தார்.

பால்பல் கருவில் உருவாவது. கருவில் இருக்கும் குழந்தை எதையும் குடிப்பதில்லை, தாய்தான் குடிக்கிறாள். பிறந்த பின்னும் அது தாய்ப்பாலே. ஆகவே பால்பல்லில் இருப்பது தாய் குடித்த நீர். அது தாய் எங்கே இருந்தாள் என்பதற்குச் சாட்சியே தவிர, மகள் எங்கே வளர்ந்தாள் என்பதற்கு அல்ல. மகளுக்கான சாட்சி அவளுடைய நிலையான பற்கள். அவை கடல் என்கின்றன. பல்லுக்கு மேல் இன்னொரு சாட்சி தேவையில்லை.

அதோடு முடிந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் கருணை காட்டினார். குறிப்பிட்ட தேதிக்கு முன்பிருந்தே இங்கே வசிப்பதாக நிரூபித்தவர்களுக்கு நிரந்தர வாசம் உண்டு என்று சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. ஜெசிந்தாவிடம் நிரூபிக்க எதுவும் இல்லாததால் அவர் கேட்டதே இல்லை. இப்போது மகளின் பால்பல் அதை நிரூபித்துவிட்டதாம். அவர் கேட்காமலேயே, மனு போடாமலேயே, நீதிமன்றம் தானாக முன்வந்து அவருக்கு நிரந்தர வாச அட்டை வழங்குகிறதாம். 'மனு பகுதியளவு ஏற்கப்பட்டது.' வாசித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்து லேசாகப் புன்னகைத்தார். பாராட்டு எதிர்பார்க்கிற புன்னகை.

வராந்தாவிலேயே காத்திருந்தார்கள். நான்கு அதிகாரிகளும் ஒரு வேனும். வழக்குப் போட்ட நிரோஜினியின் கெடு தீர்ப்போடு முடிந்துவிட்டது, மற்றவர்களுக்கு அன்றிலிருந்து அறுபது நாள். நிரோஜினி என்னிடம் வந்து, "மேடம், நாளைக்குக் காலை ஷிப்ட்ல மூணு பேஷன்ட் எனக்கு இருக்கு. ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லிடுங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அம்மாவைக் கட்டிப் பிடித்தாள். வேன் கதவைச் சாத்திவிட்டார்கள்.

மறுநாள் பத்திரிகைகளைப் பார்க்க வேண்டுமே. 'அகதித் தாய்க்கு நீதி', 'மனிதநேயத் தீர்ப்பு', 'ஒரு பால்பல்லின் வெற்றி'. என் ஆசிரியர் போன் பண்ணி, "எண்ணூறு வார்த்தை குடுங்க மேடம், தீர்ப்புல உங்க பேர் வந்ததையும் சேத்துக்குங்க, நமக்குப் பெருமை" என்றார். அவர் நல்ல மனிதர்தான். போனை வைத்துவிட்டேன். பிறகுதான் தீர்ப்பின் முழுப் பிரதி வந்து, படித்து, பல் தேய்த்தேன்.

மத்தியானம் ஜெசிந்தா வந்தார். கையில் அந்த அட்டை. இன்னும் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.

"சனம் எல்லாம் வந்து கைகுடுத்திட்டுப் போகினம் மேடம். நாங்கள் வெண்டிட்டமோ?" ஜெயித்துவிட்டோமா என்று கேட்கிறார்.

பத்தொன்பது வருடமாகத் தீர்ப்புகளைப் புரியும்படி எழுதுவதுதான் என் தொழில். உட்காரவைத்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன்.

"மறுசீராய்வு மனு போடுவேன். ஆனா அது விசாரணைக்கு வரவே ரெண்டு மூணு வருஷம் ஆகும்" என்றேன்.

"அதுவரைக்கும் பிள்ளை அங்க தனியவோ?"

"ஆமா."

"நான் போய் அவளோட இருக்க ஏலாதோ?"

விதிகளைப் புரட்டிப் பார்த்திருந்தேன். "நீங்க இப்ப இந்த நாட்டு நிரந்தரவாசி. நிரந்தரவாசியை மிதவைக்கு அனுப்பச் சட்டத்துல இடம் இல்லை. பார்க்கப் போகவும் அனுமதி இல்லை."

"இந்த அட்டை இல்லாட்டி?"

"குடுத்த அட்டை ரத்தானா, இங்க இருக்க உரிமை இல்லைன்னு பதிவாகி உங்களுக்கும் நோட்டீஸ் வரும். பழைய நாட்டுக் காகிதமும் உங்ககிட்ட இல்லை, அதனால அங்கதான் அனுப்புவாங்க."

"அப்ப எனக்கு இது வேண்டாமெண்டு குடுத்திடுங்கோ."

"கோர்ட்டே குடுத்ததும்மா. வேண்டாம்னு திருப்பிக் குடுக்க முடியாது. தந்த காரணம் தப்புன்னு ஆனாத்தான் ரத்தாகும்."

அவர் கொஞ்ச நேரம் அட்டையில் இருந்த தன் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அதை மேசைமேல் வைத்தார்.

"என்ன காரணத்துக்குத் தந்தவை? நான் அவளை வயித்தில வச்சிருக்கேக்க இஞ்ச தண்ணி குடிச்சனான் எண்டுதானே?"

"ஆமா."

"அப்ப எழுதுங்கோ மேடம். அவள் என்ர வயித்தில பிறந்த பிள்ளை இல்லை. ஆரோ பெத்துப் போட்ட பிள்ளையை நான் தூக்கி வளத்தனான். நான் அவளுக்குத் தாயில்லை."

அவர் அழவில்லை. மீன் விலை சொல்கிற குரலில் சொன்னார்.

"ஜெசிந்தா, அங்க எப்படி இருக்கும்னு தெரியுமா?"

"நீங்கள் சொல்லுறியள், அறுவது நாளில நானூறு பேரும் அங்கதான் வரப்போகினம். என்ர சனம் எல்லாம் அங்க, என்ர பிள்ளையும் அங்க. நான் இந்த அட்டையை வச்சுக்கொண்டு இஞ்ச ஆருக்குச் சமைக்கிறது?"

பொய்ச் சத்தியம் எழுதிக்கொடுக்கிற வக்கீல்களைப் பற்றி என் பத்தியில் எத்தனை தடவை கிழித்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. காகிதத்தை எடுத்தேன். 'மேற்படி நிரோஜினி என் வயிற்றில் பிறந்தவள் அல்ல என்று இதனால் சத்தியம் செய்கிறேன்' என்று எழுதினேன். கீழே சாட்சியாக என் கையெழுத்தையும் போட்டேன். ஜெசிந்தா வாசித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். 'தாயில்லை' என்ற இடம் வந்ததும் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

பதிவாளர் அலுவலகத்துக்கு இரண்டு பேரும் போனோம். ஒரு பஞ்சை வாயில் விட்டு எச்சில் எடுத்தால் போதும், தாயும் மகளும்தான் என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அதற்கான கருவி அந்த அலுவலக மேசையிலேயே இருந்தது. பள்ளிப் பதிவேட்டை நம்பாதவர்கள், தடுப்பூசி அட்டையை நம்பாதவர்கள், கண்முன்னால் உட்கார்ந்திருந்த டீச்சரை நம்பாதவர்கள், இதை மட்டும் எப்படி நம்பப் போகிறார்கள்? அங்கே இருந்த குமாஸ்தா இளைஞர்தான், மரியாதையானவர். சத்தியப் பத்திரத்தை வாசித்தார். உள்ளே போனார். பதினொரு நிமிடத்தில் வெளியே வந்தார். அட்டையை வாங்கிக் குறுக்கே வெட்டினார். நோட்டீஸை அங்கேயே தட்டச்சு செய்து, வியாழக்கிழமைப் படகு என்று எழுதி, ஜெசிந்தாவிடம் நீட்டினார். ஜெசிந்தா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "பெரிய உபகாரம் தம்பி" என்றார்.

அவரைப் படிக்கட்டு வரைக்கும் அனுப்பிவிட்டு நான் திரும்பி வந்தேன். வாயை மூடிக்கொண்டு போயிருக்க வேண்டும். முடியவில்லை.

"இதுக்கு மட்டும் சோதனை எதுவும் வேண்டாமாப்பா?" என்று கேட்டேன்.

அவர் வெட்டிய அட்டையின் இரண்டு துண்டுகளையும் கவரில் போட்டு ஒட்டிக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எதுக்கு மேடம்? பெத்த தாயே வந்து சொல்றப்போ சோதனை எதுக்கு?"